பட்டமும் தற்சார்பும்: தாய்லாந்துப் பெண்களின் உயர்கல்வி பற்றிய ஒன்றரை நூற்றாண்டு விவாதம்

தாய்லாந்தின் பல்கலைக்கழக வளாகங்களில் இன்று பெண்களே பெரும்பான்மை. 1990களிலேயே உயர்கல்விச் சேர்க்கையில் அவர்கள் ஆண்களைத் தாண்டிவிட்டார்கள். நாட்டின் ஆராய்ச்சியாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். பணக்கார நாடுகள் பலவும் இன்னும் எட்டாத நிலை இது. அதே நாட்டில் 2023 பொதுத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றவர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பௌத்த சங்கம் பெண்ணுக்கு முழுத் துறவு தர மறுக்கிறது. போலீஸ் அதிகாரிகளை உருவாக்கும் கல்விக்கழகம் 2009ல் முதன்முறையாக மாணவிகளைச் சேர்த்தது. 2018ல் அந்தக் கதவை மறுபடியும் மூடிவிட்டது.

ஓர் இளம்பெண்ணைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசேர்த்தது எது? அங்கே அவள் பெறும் பட்டம் தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் நிலைக்கு அவளைக் கொண்டுபோகிறதா? மிஷனரிகளும் அரசிகளும் மானிடவியலாளர்களும் மக்கள்தொகை ஆய்வாளர்களும் பெண்ணுரிமைச் சிந்தனையாளர்களும் இதற்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு விடையிலும் ஓர் உண்மை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டையும் இருக்கிறது. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் முதல் கேள்விக்குப் பெருமளவு விடை கிடைத்துவிட்டது தெரிகிறது. இரண்டாவது கேள்வி அப்படித் தீரவில்லை. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணுவது எளிது. வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்று அளப்பது கடினம். ஆய்வுகளும் எளிதான பக்கமே அதிகம் சாய்ந்திருக்கின்றன.

கோயில் பள்ளியின் வாசலுக்கு வெளியே

இன்றைய தாய்லாந்தான பழைய சியாமில் எழுத்தறிவு பௌத்த விகாரையில் கிடைத்தது. சிறுவன் விகாரையில் தங்கி, பிக்குவுக்குப் பணிவிடை செய்து, அவரிடமே எழுதப் படிக்கக் கற்றான். பிக்கு பெண்ணைத் தொடக்கூடாது என்பது விதி. சிறுமி அங்கே தங்கிப் படிப்பது நினைத்தும் பார்க்க முடியாதது. அரண்மனையிலும் பிரபுக்களின் வீடுகளிலும் வளர்ந்த சில பெண்கள் மட்டும் படித்தார்கள்.

சட்டமும் பெண்ணைச் சொத்தாகவே கண்டது. 1865ல் முவன் என்ற இளம்பெண், பெற்றோர் தன்னை விருப்பமில்லாத ஒருவனுக்குக் கொடுத்ததை எதிர்த்து மோங்குட் மன்னரிடம் முறையிட்டாள். மன்னர் அவள் பக்கம் தீர்ப்பளித்தார். 1868ல் மனைவியை அவள் சம்மதமின்றிக் கணவன் விற்கலாம் என்ற வழக்கத்தையும் அவர் முடிவுக்குக் கொண்டுவந்தார். பெண் எருமை, ஆண் மனிதன் என்ற பழமொழி புழங்கிய காலம் அது.

ஆனாலும் அந்த 'எருமை'யின் கையில்தான் சந்தை இருந்தது. குடியானவ ஆண்கள் ஆண்டில் பல மாதங்கள் அரசுக்கு ஊழிய வேலை செய்யப் போக வேண்டியிருந்தது. வயலையும் படகுக் கடையையும் வரவுசெலவையும் பெண்கள் பார்த்தார்கள். வடக்கிலும் வடகிழக்கிலும் மணமானபின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவது வழக்கம். கடைசி மகள் பெற்றோரோடு இருந்து அவர்களைக் கவனித்து வீட்டைப் பெறுவாள். எழுத்தறிவு இல்லாமலே பொருளாதார அதிகாரம் ஓரளவு வைத்திருந்தவள் தாய்லாந்துப் பெண். படிப்புதான் அவளை வேலைக்குக் கொண்டுவந்தது என்று தொடங்கும் வாதம் இந்த நாட்டில் செல்லாது. உழைப்பு முன்பே இருந்தது, எழுத்து பின்னால் வந்தது.

மிஷனரிகளும் அரசிகளும்

முதல் விடையை எழுதியவர்கள் அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள். ஹாரியட் ஹவுஸ் 1874ல் பாங்காக்கில் ஆற்றுக்கு அக்கரையில், வாங் லாங் என்ற இடத்தில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். 1885 முதல் எட்னா கோல் அதை நடத்தி, நாட்டின் முன்னணிப் பெண்கள் பள்ளியாக வளர்த்தார். 1921ல் வேறிடத்துக்குப் பெயர்ந்து, வத்தனா வித்தயா என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. அரச குடும்பமும் பின்தங்கவில்லை. சாவோபா அரசியின் ஆதரவில் 1896ல் சிரிராஜ் மருத்துவமனையில் மருத்துவச்சிப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1904ல் அவர் ராஜினி பள்ளியை நிறுவினார்.

இவர்களின் வாதம் ஏறத்தாழ ஒன்றே: படித்த பெண் நல்ல மனைவி, நல்ல தாய், அவளால் நாடு நாகரிகம் பெறும். ஐரோப்பியப் பேரரசுகள் இரு பக்கமும் நெருக்கிக்கொண்டிருந்த காலத்தில், பெண் கல்வி சியாமின் மரியாதைக்கு ஒரு சான்றாகத் தேவைப்பட்டது. பெண்ணின் தற்சார்பு அந்தக் கணக்கில் இல்லை.

ஆனால் எழுத்து ஒருமுறை கைக்கு வந்துவிட்டால், கொடுத்தவர் நினைத்த இடத்திலேயே அது நிற்பதில்லை. 1910களிலும் 20களிலும் பாங்காக்கில் பெண்களுக்கான இதழ்கள் வெளிவந்தன. பலதார மணத்தையும் கல்வி மறுப்பையும் அவை வெளிப்படையாகத் தாக்கின. ஸ்காட் பார்மே என்ற வரலாற்றாய்வாளர் அந்த இதழ்களையும் அக்காலத் திரைப்படங்களையும் நாவல்களையும் ஆராய்ந்து 2002ல் எழுதிய நூல், பெண்ணுரிமை மேலிருந்து அருளப்பட்டது என்ற பழைய கதையைப் பெரிதும் அசைத்துவிட்டது.

அதன்பின் மாற்றம் வேகமாக நடந்தது. 1921ன் கட்டாயக் கல்விச் சட்டம் சிறுவர், சிறுமியர் இருவரையும் உள்ளடக்கியது. சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகம் 1917ல் நிறுவப்பட்டாலும், 1927ல்தான் மருத்துவப் படிப்புக்கு முதல் மாணவிகளைச் சேர்த்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பியிருந்தார் மார்கரெட் லின் சேவியர். மேலை மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் தாய்லாந்துப் பெண் அவர். மன்னரின் முழு அதிகாரத்தை முடிவுக்குக் கொண்டுவந்த 1932 புரட்சி ஆண், பெண் இருவருக்கும் ஒரே நேரத்தில் வாக்குரிமை தந்தது. 1934ல் தம்மசாட் பல்கலைக்கழகம் எல்லோருக்கும் திறந்த கல்விக்கூடமாகத் தொடங்கியது. 1935ன் குடும்பச் சட்டம் ஒரு மனைவியை மட்டுமே பதிவு செய்ய அனுமதித்தது. 1949ல் உபோன் ராச்சதானியிலிருந்து ஓரபின் சையகான் முதல் பெண் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

இந்த வரலாறு பெருமைக்குரியது. ஆனால் இது பாங்காக்கின் வரலாறு, மேல்தட்டின் வரலாறு. 1911ல் பிறந்த புன்லுவா தெப்யசுவான் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரபுக் குடும்பத்தில் பிறந்து, பினாங்கில் கன்னியர் மடப் பள்ளியிலும் பின்னர் சூலாலங்கோர்னிலும் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் படித்து, சில்பகோர்ன் பல்கலைக்கழகக் கலைப்புலத்தின் முதல் தலைவரானவர். நாவலாசிரியராகவும் பெயர் பெற்றார். படித்த பெண்கள் தங்கள் திறமையைக் கணவரின் பதவி உயர்வில் செலவிட நேர்வதை அவர் எழுத்து கூர்ந்து பார்த்தது. நெல் வயலில் நின்ற சிறுமிக்கோ, அந்தக் காலத்தில் நான்காம் வகுப்புதான் எல்லை.

புத்தரின் பெயரால் ஒரு விவாதம்

1970களில் கேள்வி மானிடவியலாளர்கள் கைக்கு வந்தது. தாய்லாந்துப் பெண்கள் வணிகத்தில் இவ்வளவு முன்னே நிற்க, மதத்திலும் அரசிலும் இவ்வளவு பின்னே நிற்பது ஏன்? ஏ. தாமஸ் கிர்ஷ் 1975ல் ஒரு விடை சொன்னார். பௌத்தம் உலகப் பற்றைத் துறப்பதை உயர்த்திப் பிடிக்கிறது. துறவின் வழி ஆணுக்குத் திறந்திருக்கிறது, அதனால் உயர்ந்த மதிப்புள்ள மதப் பணியும் அரசுப் பணியும் அவனுக்குப் போயின. உலகப் பற்று மிக்கவள் என்று கருதப்பட்ட பெண்ணுக்குச் சந்தை வந்துசேர்ந்தது.

1980ல் கின் தித்சா இன்னும் கடுமையாக எழுதினார். பௌத்தம் பெண்ணைத் தாழ்ந்த பிறவியாக வைத்திருப்பதே அவளைப் பாலியல் தொழிலை நோக்கித் தள்ளும் சூழலுக்கு அடிப்படை என்பது அவர் வாதம். 1984ல் சார்ல்ஸ் கீஸ் அதை மறுத்தார். வடகிழக்குக் கிராமங்களில் கிடைக்கும் பௌத்த நூல்களும் சடங்குகளும் தாய்மையை உயர்வாகப் போற்றுகின்றன, பெண்ணின் ஆன்மிகத் தகுதியை அவை குறைத்துப் பேசவில்லை என்றார் அவர். மறு ஆண்டே கிர்ஷ் பதில் எழுதினார்.

அந்த விவாதம் ஒன்றைத் தெளிவாக்கியது. மகன் சில மாதம் காவி உடுத்தாலே பெற்றோருக்குப் புண்ணியம் சேர்த்து, வளர்த்த நன்றிக்கடனைத் தீர்த்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறான். மகளுக்கு அந்த வழி இல்லை. அவள் தன் கடனைப் பணமாகவும் பணிவிடையாகவும் வாழ்நாள் முழுதும் செலுத்த வேண்டியிருக்கிறது.

கல்வியிலும் அதே வேறுபாடு. ஏழை வீட்டுச் சிறுவன் சாமணேரன் எனப்படும் இளந்துறவியாகி, விகாரைப் பள்ளியில் இலவசமாகப் படித்து, 1887ல் தொடங்கிய மகாசூலாலங்கோர்ன் பௌத்தப் பல்கலைக்கழகம் வரை போகலாம். துறவாடை களைந்து வேலைக்குப் போனாலும் யாரும் குறை சொல்வதில்லை. சிறுமிக்கு அந்த ஏணி கிடையாது. வெள்ளுடை அணியும் மே சீ எனப்படும் துறவுப் பெண்களில் சிலர் பின்னாளில் ராச்சபுரியிலும் பிற இடங்களிலும் ஏழைச் சிறுமிகளுக்குப் பள்ளி நடத்த முன்வந்தார்கள். அந்தக் குறையை நன்கு உணர்ந்தவர்கள் அவர்களே.

முழுத் துறவுக்கான போராட்டமும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. நரின் பாசித் என்ற சீர்திருத்தவாதி தம் இரு மகள்களுக்குத் துறவு பெற்றுத் தந்ததைத் தொடர்ந்து, 1928ல் பெண்களுக்குத் துறவு அளிக்க பிக்குகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போனவர் சத்சுமார்ன் கபில்சிங். தம்மசாட்டில் பேராசிரியராக இருந்து, தாய்லாந்துப் பௌத்தத்தில் பெண்களின் நிலை பற்றி 1991ல் நூல் எழுதியவர் அவர். தாய்நாட்டில் வழியில்லாததால் இலங்கைக்குச் சென்று 2001ல் சாமணேரியாகவும் 2003ல் பிக்குணியாகவும் துறவு ஏற்று, தம்மநந்தா ஆனார். நாட்டின் உயர்ந்த கல்விக்கூடமொன்று பேராசிரியராக ஏற்றுக்கொண்ட பெண்ணை நாட்டின் சங்கம் இன்றுவரை பிக்குணியாக ஏற்கவில்லை.

சமய விளக்கத்தின் பலவீனம் காலம் சார்ந்தது. பௌத்தம் பல நூற்றாண்டாக இருக்கிறது. பெண்கள் கல்லூரிக்குள் பெருந்திரளாக நுழைந்தது கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில்தான். மாறாத ஒன்றைக் கொண்டு மாறியதை விளக்குவது கடினம். சந்தையில் பெண்கள் நின்றதற்குக்கூட மதத்தைவிட ஆண்களின் கட்டாய ஊழியம் நேரடியான காரணமாக இருந்திருக்கலாம். மகள் ஏன் கடன் செலுத்துகிறாள் என்பதைப் பௌத்தம் நன்றாக விளக்குகிறது. அவள் ஏன் படிக்கப் போனாள் என்பதற்கு வேறு இடத்தில் விடை தேட வேண்டும்.

சிறிய குடும்பம், பரந்த பள்ளி

அந்த விடை மக்கள்தொகை ஆய்விலிருந்து வந்தது. 1960களில் தாய்லாந்துப் பெண் ஒருத்தி சராசரியாக ஆறுக்கு மேல் பிள்ளை பெற்றாள். 1990களின் தொடக்கத்தில் அது இரண்டாகச் சரிந்தது. இவ்வளவு விரைவான சரிவு உலகில் குறைவு. கருத்தடை மருந்தும் ஆலோசனையும் கிராமக் கடை வரை போயின. 1974 முதல் மெச்சாய் வீரவைத்யா நடத்திய குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கம் ஆணுறையைக் கூச்சமின்றிப் பேசும் பொருளாக்கியது. ஜான் நோடலும் அவரது தாய்லாந்துச் சக ஆய்வாளர்களும் இந்த மாற்றத்தை 1987ல் நூலாகவே எழுதினார்கள்.

நோடல் அடுத்த கட்டத்துக்குப் போனார். பிள்ளைகள் குறைந்த வீடுகளில் தொடக்கப் பள்ளிக்கு மேல் படித்தோர் அதிகம் என்று அவர் ஆய்வுகள் காட்டின. ஆண், பெண் கல்வி இடைவெளி தாய்லாந்தில் மூடிவிட்டதை அவர் 1997ல் விரிவாகப் பதிவு செய்தார். ஆறு பிள்ளை இருக்கும் வீட்டில் யாரைப் படிக்கவைப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இருவர் மட்டுமே இருந்தால் அந்தத் தேர்வின் அவசியம் குறைகிறது. மகளை வேறு வீட்டுக்குப் போய்விடுபவளாகப் பார்க்காத சமூகத்தில், அவள் படிப்புக்குச் செய்யும் செலவு வீணாகப் போவதாகவும் பெற்றோர் நினைக்கவில்லை.

அரசும் பள்ளியை அருகே கொண்டுவந்தது. கட்டாயக் கல்வி நான்கு ஆண்டிலிருந்து 1970களின் இறுதியில் ஆறாகவும், 2002 சட்டத்தால் ஒன்பதாகவும் உயர்ந்தது. உயர்கல்வியும் தலைநகரை விட்டு வெளியே வந்தது. 1964ல் சியாங் மாய், அதே ஆண்டில் வடகிழக்கின் கோன் கேன், 1967ல் தெற்கில் சோங்க்லா இளவரசர் பல்கலைக்கழகம் எனப் பட்டியல் நீண்டது. 1971ல் ராம்காம்ஹேங் பல்கலைக்கழகம் நுழைவுத்தேர்வே இல்லாமல் மாணவர்களைச் சேர்த்தது. வகுப்புக்கு வருவதும் கட்டாயமில்லை. 1978ல் நிறுவப்பட்ட சுகோதாய் தம்மாதிராட் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தபாலிலும் ஒலிபரப்பிலும் பாடம் நடத்தியது. மாகாணங்களில் இருந்த ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகள் 2004ல் ராஜபட் பல்கலைக்கழகங்களாயின. இன்று அவை 38. வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் பட்டம் கிடைக்கும் நிலை பெண்களுக்கு அதிகம் உதவியது.

கோ சமுய் தீவில் 1952ல் பிறந்த கிரிசனா கிரைசிந்து இந்த விரிவாக்கத்தின் பலனைக் காட்டுபவர். புதிதாகத் தொடங்கிய சியாங் மாய் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்து, பிரிட்டனில் முனைவர் பட்டம் பெற்று, அரசு மருந்துக் கழகத்தில் சேர்ந்தார். 1990களில் எய்ட்ஸ் நோய்க்கான மலிவு மருந்தைத் தாய்லாந்திலேயே தயாரிக்கவைத்தார். 2002ல் வேலையை விட்டு ஆப்பிரிக்கா சென்று அங்கும் மருந்து தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார். 2009ல் மகசேசே விருது பெற்றார்.

பெண்கள் கல்லூரிக்குள் வந்ததற்கு இந்த விளக்கமே இருப்பதில் வலுவானது. குறை ஒன்று உண்டு. படிப்புச் செலவை எண்ணிப் பெற்றோர் பிள்ளைகளைக் குறைத்தார்களா, பிள்ளைகள் குறைந்ததால் படிக்கவைத்தார்களா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்திருக்கக்கூடும். வீடு, பள்ளி, வருமானம் என்று கணக்கிடும் இந்த ஆய்வுகளில் மகள் தானாக முடிவெடுப்பவளாகத் தோன்றுவதும் அரிது. பெற்றோர் தேர்ந்தெடுக்கிறார்கள், அவள் தேர்ந்தெடுக்கப்படுகிறாள்.

நகரத்துக்குப் போன மகள்கள்

அந்த மகளையே கேட்டுப் பார்த்தவர் மானிடவியலாளர் மேரி பெத் மில்ஸ். மகாசாரகாம் மாகாணத்துக் கிராமம் ஒன்றிலும், அங்கிருந்து பாங்காக் ஆலைகளுக்கு வேலைக்குப் போன பெண்களிடையிலும் களஆய்வு செய்து, 1999ல் நூலாக எழுதினார். அந்தப் பெண்கள் ஊருக்குப் பணம் அனுப்பி நல்ல மகள்களாக இருக்க விரும்பினார்கள். நவீன நகரத்துப் பெண்ணாக உடுத்தவும் சுற்றவும் வாழவும் விரும்பினார்கள். சம்பளம் ஒன்று, ஆசை இரண்டு. அதற்கிடையில் அவர்கள் பட்ட பாட்டை மில்ஸ் அனுதாபத்தோடு பதிவு செய்தார். அந்த உழைப்பின் ஆபத்தை நாடு 1993 மே 10 அன்று கண்டது. பாங்காக்கை அடுத்த நகோன் பதோமில் கேடர் பொம்மை ஆலை தீப்பிடித்து 188 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள்.

இதற்குமுன் பாசுக் போங்பைசித் 1982ல் பாங்காக் மசாஜ் நிலையப் பெண்களைப் பற்றி எழுதிய ஆய்வு, ஏழ்மை மிக்க மாகாணங்களின் மகள்கள் குடும்பத்துக்காகச் செய்த பொருளாதாரத் தேர்வாக அத்தொழிலைக் காட்டியது. மார்ஜரி மியூக் 1992ல் இன்னொரு படி சென்றார். அம்மா சந்தையில் சோறு விற்றுக் குடும்பத்தைத் தாங்கினாள், மகள் உடலை விற்றுத் தாங்குகிறாள். தொழில் மாறினாலும் கடமை தொடர்கிறது என்றார்.

மியூக்கின் வாதத்தை உயர்கல்வி வரை நீட்டிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. பட்டதாரி மகள் வங்கியிலோ மருத்துவமனையிலோ சம்பளம் வாங்கி ஊருக்கு அனுப்புகிறாள். பணம் வரும் இடம் மாறிவிட்டது, போய்ச்சேரும் இடம் மாறவில்லை. ஆலைக்குப் போன அக்காவின் பணத்தில் தங்கை கல்லூரிக்குப் போவதும் தாய்லாந்துக் குடும்பங்களில் பழகிப்போன ஏற்பாடு. ஒரு பெண்ணின் பட்டத்துக்குப் பின்னால் இன்னொரு பெண்ணின் கைவிட்ட படிப்பு இருக்கிறது. மாணவர் சேர்க்கைப் புள்ளிவிவரத்தில் அந்த அக்காவுக்கு இடமில்லை.

எல்லா அக்காக்களும் படிப்பைக் கைவிட்டுவிடவில்லை. வார இறுதியில் முறைசாராக் கல்வி வகுப்பில் உட்கார்ந்து மேல்நிலைச் சான்றிதழ் பெற்று, பின்னர் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆலைப் பெண்கள் உண்டு. 1952ல் பாங்காக்கின் குளோங் தேய் குடிசைப் பகுதியில் பிறந்த பிரதீப் உங்சோங்தம் சிறுமியாகவே கூலி வேலைக்குப் போனவர். கப்பல்களின் துருவைச் சுரண்டியிருக்கிறார். மாலைநேரத்தில் படித்து ஆசிரியையானார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அரசுப் பள்ளி சேர்க்காத குழந்தைகளுக்காக 1968ல், பதினாறு வயதில், நாளுக்கு ஒரு பாட் கட்டணத்தில் வீட்டிலேயே பள்ளி நடத்தினார். 1978ல் மகசேசே விருதும், 2000ல் செனட் உறுப்பினர் பதவியும் வந்தன. இத்தகைய வாழ்க்கைகள் வழிகாட்டுபவை. ஆனால் அவை விதிவிலக்குகள் என்பதால்தான் நமக்குப் பெயரோடு தெரிகின்றன.

பட்டத்துக்குப் பிறகு

பெண்ணுரிமைச் சிந்தனையாளர்கள் கேட்பது வேறு: உள்ளே வந்தவர்கள் எங்கே போய்ச்சேர்ந்தார்கள்?

சட்டம் பட்டத்தைவிட மெதுவாக நகர்ந்தது. கணவனின் அனுமதி பெற்றே மனைவி வேலைக்குப் போக வேண்டும் என்ற விதி, 1976ல் குடும்பச் சட்டம் திருத்தப்படும்வரை இருந்தது. பெண்கள் கிராமத் தலைவராகலாம் என்ற விதி வந்தது 1982ல். மணமான பெண் தன் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சட்ட நீதிமன்றம் 2003ல் உறுதிசெய்தது. பெயருக்கு முன்னொட்டாகத் 'திருமதி'க்குப் பதில் 'செல்வி' என்றே இருக்கலாம் என்பது 2008ல் வந்தது. முனைவர் பட்டம் பெற்ற பெண்ணுக்கும் இவை ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க நேர்ந்தது.

பல்கலைக்கழகங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. தம்மசாட் 1982லேயே நோங்யாவ் சையசேரியைத் தலைவராக்கியது. சூலாலங்கோர்ன் தன் முதல் பெண் தலைவரைக் கண்டது 2004ல், நிறுவப்பட்டு 87 ஆண்டுகளுக்குப் பிறகு. ஆசிரியப் பணி, செவிலியம், மொழி, கணக்கியல் ஆகியவற்றில் மாணவிகள் நிறைந்திருக்கிறார்கள், பொறியியலில் ஆண்கள். உழைப்புச் சந்தையில் பெண்களின் பங்கேற்பு ஏறத்தாழ 60 விழுக்காடு. ஆண்களைவிட அது கணிசமாகக் குறைவு.

அரசியல் உச்சியிலும் இரு பெண்கள் இருந்திருக்கிறார்கள்: 2011ல் யிங்லக் சினவத்ரா, 2024ல் பெதோங்தார்ன் சினவத்ரா. இருவரும் பட்டதாரிகள். ஒருவர் முன்னாள் பிரதமர் தக்சினின் தங்கை, மற்றவர் மகள். பட்டம் அங்கே எவ்வளவு உதவியது, குடும்பப் பெயர் எவ்வளவு உதவியது என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

வேறொரு வகைத் தலைமை வளாகத்துக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் சூலாலங்கோர்ன் மாணவியான சிரனன் பிட்பிரீச்சா வளாக அழகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் மாணவர் போராட்டத்தில் இறங்கி, அடக்குமுறைக் காலத்தில் கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குப் போய், திரும்பிவந்து 1989ல் கவிதைக்காகத் தென்கிழக்காசிய இலக்கிய விருது பெற்றார். 2020 ஆகஸ்ட் 10 அன்று தம்மசாட் மாணவி பனுசயா சித்திஜிரவத்தனகுல் முடியாட்சிச் சீர்திருத்தத்துக்கான பத்துக் கோரிக்கைகளை மேடையில் வாசித்தார். சிறையும் வழக்குகளும் தொடர்ந்தன. அதே அலையில் பள்ளி மாணவிகள் காதுமடல் வரை முடி வெட்டும் விதியையும் எதிர்த்தார்கள். அதற்கு அடிப்படையான 1975ன் விதிமுறையை உச்ச நிர்வாக நீதிமன்றம் 2025ல் செல்லாததாக்கியது. பாடத்திட்டம் தராத சுதந்திரத்தை மாணவிகள் பாடத்திட்டத்துக்கு வெளியே தேடிக்கொண்டார்கள். சேர்க்கையையும் சம்பளத்தையும் மட்டும் பார்த்தால் இந்தப் பக்கம் கண்ணில் படாது.

பட்டத்தோடு கடனும் வருகிறது. 1996ல் தொடங்கிய மாணவர் கடன் நிதியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடன் பெற்றிருக்கிறார்கள். ஏழை வீட்டு மகள்களுக்கு அது இல்லாமல் கல்லூரி இல்லை. நீண்ட காலம் பிணையாளர் தேவைப்பட்டது; மாணவர்கள் பலருக்குப் பிணை நின்ற பள்ளி ஆசிரியை ஒருவர் சொத்தை இழக்கும் நிலைக்கு வந்தது 2018ல் நாடு முழுதும் பேசப்பட்டது. 2023 திருத்தம் பிணையாளர் தேவையை நீக்கி, வட்டியை ஒரு விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

பெண்கள் பல்கலைக்கழகத்தை அடைந்தது எப்படி என்பதில் இன்று பெரிய சண்டைக்கு இடமில்லை. சிறிய குடும்பமும் விரிந்த பள்ளியமைப்பும், பெண்ணின் உழைப்பை முன்பே ஏற்றுக்கொண்ட கிராமச் சமூகமும் சேர்ந்து அதைச் சாத்தியமாக்கின. மேல்பதவிகளில் அவர்கள் குறைவது ஏன் என்பதற்குச் சமய மதிப்பீடு ஓரளவு காரணம் காட்டும். ஆனால் போலீஸ் கல்விக்கழகத்தின் முடிவு போன்ற நேரடி நிர்வாகத் தடைகளே கூடுதல் பொறுப்பு ஏற்க வேண்டியவை என்று படுகிறது. நிர்வாகம் மூடிய கதவை நிர்வாகமே திறக்க முடியும். அதைப் பண்பாட்டின் தலையில் சுமத்துவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

தீராதவற்றில் ஒன்று சிறுவர்களைப் பற்றியது. பெண்கள் முன்னேறியதால் வந்த பெரும்பான்மையா, ஆண்கள் சீக்கிரம் படிப்பை விட்டு வேலைக்கும் படைக்கும் போய்விடுவதால் வந்த பெரும்பான்மையா? இரண்டும் கலந்தது என்றால், பெண்களின் சேர்க்கை விகிதத்தை மட்டும் விடுதலையின் அளவுகோலாகக் கொள்வது சரியாகாது.

இன்னொன்று குடியுரிமை. 2005ன் அமைச்சரவை முடிவு, ஆவணம் இல்லாத குழந்தையும் பள்ளியில் சேரலாம் என்றது. மலைப்பகுதிகளிலும் எல்லையிலும் வாழும் நாடற்ற சிறுமிகள் அதனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்துவிட்டார்கள். மாணவர் கடனுக்கோ தாய்லாந்துக் குடியுரிமை வேண்டும். நாடற்றவர்களாகப் பதிவான ஏறத்தாழ 4.8 லட்சம் பேருக்குக் குடியுரிமையையோ நிரந்தர வசிப்புரிமையையோ விரைவாக்க 2024ல் அரசு முடிவெடுத்தது. அது நடைமுறையில் எத்தனை பெண்களைக் கல்லூரி வரை கொண்டுசேர்க்கும் என்பது இனிமேல்தான் தெரியும். கருவுற்ற மாணவி படிப்பைத் தொடரும் உரிமையை 2016 சட்டம் தந்திருக்கிறது. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி அவளே விலகிக்கொள்வதைச் சட்டத்தால் எவ்வளவு தடுக்க முடியும் என்பதும் திறந்தே இருக்கிறது.

மூன்றாவது கேள்வி இவற்றைவிடப் பெரிது. மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய அதே சிறிய குடும்பம், பெற்றோர் முதுமையடையும்போது அவளைத் தனியாக நிறுத்துகிறது. ஆறு பேர் பகிர்ந்துகொண்ட பராமரிப்பு இப்போது ஒருவர் அல்லது இருவர் மீது விழுகிறது. மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் 60 வயதைக் கடந்துவிட்டார். ஒருகாலத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிய பிறப்பு எண்ணிக்கை 2024ல் 5 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. படித்த பெண்களில் மணம் செய்துகொள்ளாதவர்கள் கூடிவருகிறார்கள். இதைத் தற்சார்பின் அடையாளமாகச் சிலர் வாசிக்கிறார்கள். பெற்றோரை விட்டுப் போக முடியாத மகளின் கட்டாயமாகவும் அதை வாசிக்க இடமிருக்கிறது. எது எவ்வளவு என்பது வர்க்கத்துக்கு வர்க்கம், மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும்.

அரசின் முதியோர் உதவித்தொகை வயதுக்கேற்ப மாதம் 600 முதல் 1,000 பாட் வரை. அரசுப் பணியில் சேரும் பட்டதாரியின் தொடக்க வருமானம் 2012ல் 15,000 பாட்டாக உயர்ந்து, அண்மையில் மேலும் கூடியிருக்கிறது. இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை இப்போது மகளின் சம்பளம் நிரப்புகிறது. ஓய்வூதியத்தையும் முதியோர் பராமரிப்பையும் அரசு எவ்வளவு ஏற்றுக்கொள்ளும் என்பதைப் பொறுத்தே, அடுத்த தலைமுறைப் பட்டதாரி எந்த ஊரில் வேலை பார்ப்பாள், மேற்படிப்புக்குப் போவாளா, மணம் செய்துகொள்வாளா என்ற முடிவுகளில் எத்தனை அவள் கையில் இருக்கும் என்று சொல்ல முடியும்.